சாயம் இறங்கிய துண்டுப்போர்வை: ஒரு பனிக்கால நிகழ்வு ஆய்வு

2024 ஜனவரி 9ஆம் திகதி காலை ஆறரை மணிக்கு, குசினி மூலையில் இருந்த பிளாஸ்டிக் பேசினுக்குள் கைவிட்டு, இரண்டு மாதமாகத் தைத்து முடித்த ஒரு போர்வையை வெளியே எடுத்தேன். அப்பாவின் வேட்டியில் வெட்டிய வெள்ளைச் சதுரங்களில் இளஞ்சிவப்பு ஏறியிருந்தது. விளக்கைப் போட்டு எண்ணினேன். 90 வெள்ளைச் சதுரங்களில் 17.

அந்த 17 எப்படி வந்தது, ஒரே நாளில் அது எப்படி 23 ஆனது, பொங்கலுக்குள் எப்படி 3 ஆகக் குறைந்தது என்பதை நடந்தபடியே எழுதுகிறேன். போர்வை தைக்கிறவர்களுக்குச் சாயம் போவது புதிய விடயம் அல்ல. குளிரூரில் அது வேறு விதமாக நடக்கிறது, திருத்துவதும் வேறு விதமாகத்தான் இருக்கிறது. அதற்காகவே எழுதுகிறேன்.

வீடும் காலமும்

எங்கள் வீடு சீத்தாஎலியவில், நுவரெலியா நகரிலிருந்து ஹக்கல தாவரவியல் பூங்காவுக்குப் போகும் வழியில் இருக்கிறது. நகரம் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. நாங்கள் சற்று இறக்கத்தில் இருக்கிறோம். ஆண்டு முழுவதற்குமான சராசரி வெப்பநிலையே 16 பாகை செல்சியஸ் அளவுதான். நவம்பர், டிசம்பரில் மழையும் மூடுபனியும் மாறி மாறி வரும். ஜனவரியில் வானம் வெளித்துவிட்டால் பகல் இதமாக இருக்கும், இரவு எலும்பைத் தொடும். அப்படியான சில விடியல்களில் புல்லின் மேல் வெள்ளைப் பனி உறைந்து கிடக்கும். வெயில் பட்டதும் தேயிலைக் கொழுந்து நெருப்பில் வாட்டியது போலக் கருகிவிடும். உருளைக்கிழங்கு போட்டவர்கள் இருட்டோடு எழுந்து பாத்திக்குத் தண்ணீர் அடிப்பார்கள்.

நான் மனைப்பொருளியல் படிப்பித்து ஓய்வுபெற்றவள். பனிக்காலம் எனக்கு இரண்டு வேலைக்கான காலம். ஒன்று தையல், மற்றது பேக்கிங். இரண்டும் ஒரே அறையில் நடக்கும், ஏனென்றால் வீட்டில் சூடு இருப்பது அந்த ஓர் அறையில்தான். விறகு அடுப்பு ஒரு பக்கம், மின்சார அவன் (கேக் வேகவைக்கும் அடுப்பு) ஒரு பக்கம், யன்னலோரம் அம்மாவின் கால்மிதித் தையல் இயந்திரம். அம்மா சீட்டுக் கட்டி வாங்கியது. 2022இல் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்ற நாட்களிலும் அது ஓடியது. அன்றிலிருந்து அதை விற்றுவிடும்படி யாரும் என்னிடம் சொல்வதில்லை.

அம்மா கொழுந்து பறித்தவர். அவர் போன பிறகு தகரப் பெட்டியில் ஏழு நூல் சேலைகளும் அப்பாவின் மூன்று வேட்டிகளும் இருந்தன. மகளுக்குத் தலைப்பிள்ளை பிறக்கப்போகிறது என்று தெரிந்ததும் அந்தப் பெட்டியைத் திறந்தேன். சேலைகளின் முதுகுப் பக்கம் கூடை உரசி வலைபோல் நைந்திருந்தது. இடுப்பில் படங்கு என்ற தடித்த மறைப்புத் துணியைக் கட்டி மறைந்த இடத்தில் மட்டும் துணி கெட்டியாக, நிறம் வெளிறாமல் இருந்தது. மழையும் வெயிலும் எட்டாத அந்த ஒரு முழ அகலத்திலிருந்தே சதுரங்களை வெட்டினேன்.

நான் இதைத் துண்டுப்போர்வை என்றுதான் சொல்வேன். மலையகத்தில் துண்டு என்ற சொல்லுக்கு இன்னொரு பொருளும் இருந்தது. தோட்டம் மாறிப் போகும் தொழிலாளியின் கடனை எழுதிக் கொடுத்த சீட்டுக்கும் துண்டு என்றே பெயர். அந்தச் சீட்டு இல்லாமல் வேறு தோட்டத்தில் பேர் பதிய முடியாது; 1921இல்தான் சட்டத்தால் அது ஒழிந்தது. எங்கள் பாட்டன் காலத்துத் துண்டு ஒரு குடும்பத்தைக் கட்டிப்போட்டது. துணி வெட்டும்போது ஒவ்வொரு முறையும் எனக்கு இது நினைவுக்கு வரும், அதனால் இங்கேயும் எழுதிவிட்டேன்.

போர்வையின் கணக்கு

ஒவ்வொரு சதுரமும் வெட்டும்போது நாலரை அங்குலம், தைத்த பிறகு நான்கு அங்குலம். குறுக்கே 12, நெடுக்கே 15, மொத்தம் 180. பாதி வெள்ளை, பாதி நிறம். சதுரங்கப் பலகை போல மாறி மாறி வரும். முடிந்த அளவு 48க்கு 60 அங்குலம். கால் அங்குலத் தையலில் ஒவ்வொரு முறையும் நூலளவு பிசகினாலும் 12 சதுரம் சேரும்போது முக்கால் அங்குலம் கோணிக்கொள்ளும். ஆகவே இயந்திரத்தின் தட்டில் ஒரு மருந்துப் பிளாஸ்டரை ஒட்டி, அதன் விளிம்பில் துணியை உரசவிட்டுத் தைப்பேன்.

நிறச் சதுரங்கள் 90இல் 66 அம்மாவின் சேலைகள். நீலக் கட்டம், மங்கிய மஞ்சள், பாசிப்பச்சை. எல்லாமே நூறு தடவை கசக்கிப் பிழிந்து அமைதியாகிவிட்ட நிறங்கள். விரித்துப் பார்த்தபோது போர்வைக்கு ஒரு அடர்த்தியான நிறம் தேவை என்று கண்ணுக்குப் பட்டது. ஆடைத் தொழிற்சாலைகளில் வெட்டி மிஞ்சும் துணிகளைக் கிலோக் கணக்கில் நடைபாதையில் விற்பார்கள். அதில் ஒரு கட்டு வாங்கினேன். இரத்தச் சிவப்பு, நல்ல பருத்தி, கைக்கு இதமான நெசவு. அதிலிருந்து 24 சதுரங்கள்.

புதுத் துணியைத் தைக்குமுன் நனைத்துக் காயவைக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். வகுப்பில் ஆண்டுதோறும் சொன்னவள் நான். ஆனால் அந்த நவம்பரில் மழை விடவில்லை. கொடியில் போட்ட ஒரு துவாய் நான்கு நாளாகியும் ஈரமாகவே இருந்து மணக்கத் தொடங்கியது. சேலைகளும் வேட்டிகளும் எத்தனையோ முறை துவைத்தவைதானே என்று நினைத்து, சிவப்பையும் அப்படியே இஸ்திரி போட்டு வெட்டிவிட்டேன். இது முதல் பிழை.

நடுவில் வைக்கும் அடுக்குக்கு வழக்கமாகப் பழைய கம்பளியைத்தான் போடுவேன். இது குழந்தைக்கு, பாரம் கூடாது, சீக்கிரம் காய வேண்டும் என்று இம்முறை பொலியெஸ்டர் பஞ்சுத் தகடு வாங்கினேன். பின்னால் நடந்ததைப் பார்க்கும்போது, இந்த ஒரு முடிவுதான் போர்வையைக் காப்பாற்றியது. கம்பளியை வைத்திருந்தால் நான் செய்த வைத்தியத்தில் அது சுருங்கிக் கட்டியாகியிருக்கும்.

அடுப்படி

டிசம்பரில் தையல் பாதியில் நின்றது, கேக் வேலை வந்துவிட்டதால். நாங்கள் சைவக் குடும்பம், ஆனாலும் நத்தார் கேக் செய்யாத டிசம்பர் எங்கள் வீட்டில் இருந்ததில்லை. பக்கத்தில் இரண்டு கிறிஸ்தவக் குடும்பங்கள் இருக்கின்றன; எங்கள் பொங்கல் அங்கே போகும், அவர்கள் பலகாரம் இங்கே வரும். கோதுமை மாவுக்குப் பதில் ரவை, நறுக்கிய மரமுந்திரிகைப் பருப்பு, உலர்ந்த திராட்சை, நீற்றுப்பூசணியில் செய்த புகுல் தோசி, பன்னீர், தேன். பழங்களை நவம்பரிலேயே வெட்டி ஊறவைத்துவிடுவேன்.

மலையில் கேக் செய்கிறவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். கொழும்பில் எழுதிய அளவை அப்படியே போட்டால் பட்டர் கேக் அவனுக்குள் வேகமாக எழும்பி, வெளியே எடுத்ததும் நடுவில் குழி விழும். இந்த உயரத்தில் காற்றழுத்தம் கடலோரத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. மாவுக்குள் உண்டாகும் வாயு அதிகமாக விரிகிறது. கேக்கின் உடம்பு இறுகுமுன்பே கூரை உயர்ந்து, தாங்காமல் உட்கார்ந்துவிடுகிறது. நான் பேக்கிங் பவுடரைக் கால்வாசி குறைக்கிறேன், சீனியில் ஒரு மேசைக்கரண்டி குறைக்கிறேன், பால் கொஞ்சம் கூட்டுகிறேன், அவனின் சூட்டை 10 பாகை கூட்டி வைக்கிறேன். தண்ணீர் கொதிப்பதும் இங்கே 100 பாகையில் அல்ல, 94 அளவில்தான். பருப்பு வேகத் தாமதிப்பதும் அதனால்தான்.

பாணும் பணிசும் வேறு கதை. அழுத்தம் குறைவு என்பதால் மா எளிதாக உப்ப வேண்டும். ஆனால் குளிரில் ஈஸ்ட் தூங்குகிறது. ஜனவரி மாலையில் எங்கள் குசினி 14 பாகை இருக்கும். ஒரு மணித்தியாலத்தில் இரட்டிக்க வேண்டிய மா மூன்று மணித்தியாலம் ஆனாலும் அப்படியே குந்தியிருக்கும். அடுப்பருகில் வைத்தால் ஒரு பக்கம் வெந்து போகும். இதற்கு நான் கண்ட வழி எளியது. மாவைச் சட்டியில் மூடி, சுடுநீர் நிரப்பிய இரண்டு போத்தல்களுடன் ஒரு மரப்பெட்டியில் வைத்து, நான் முதன்முதலில் தைத்த கோணல் போர்வையால் சுற்றிவிடுவேன். நெருப்புத் தேவையில்லை, இருக்கிற சூடு வெளியே போகாமல் இருந்தால் போதும். இந்தப் பெட்டி பிறகு இந்தக் கதைக்குள் வருகிறது.

எனக்கு மிகப் பிடித்தது, சுடுநீர்ப் போத்தலும் இல்லாமல், கொஞ்சமே ஈஸ்ட் போட்டு இரவு முழுக்க மெதுவாக எழும்பவிடும் பாண்தான். காலையில் சட்டியைத் திறந்தால் மேலே சிறு சிறு குமிழ்கள் தெரியும், கள் வாசம் போல ஒரு மெல்லிய புளிப்பு மூக்கில் ஏறும். விரலால் அழுத்தினால் குழி மெதுவாக, சோம்பலாக மேலே வரும். அவசரமாகச் சூடு காட்டி எழுப்பிய மா இந்தச் சுவையைத் தருவதில்லை என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

ஜனவரி 8

அன்று காலையில் கடைசி விளிம்புத் தையல் முடிந்தது. பிறந்த பிள்ளைக்குப் போர்த்துவது, துவைக்காமல் கொடுக்கக் கூடாது. பொங்கலுக்கு ஹட்டனில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறோம். பிற்பகல் நான்கு மணிக்கு, குழாய்த் தண்ணீரில் கொஞ்சம் சலவைத் தூள் கரைத்து, பேசினில் போர்வையை அமுக்கினேன். தண்ணீர் சற்று நேரத்தில் ரோஜாப் பூ நிறமானது. மனம் திடுக்கிட்டது, இரண்டு முறை அலசினேன். இரண்டாவது அலசலில் நிறம் குறைந்தது போலத் தெரிந்தது. ஐந்து மணிக்குப் பிழிந்து பார்த்தேன், வெள்ளைச் சதுரம் எல்லாம் வெள்ளையாகவே இருந்தன. இதை நான் நன்றாகப் பார்த்தேன் என்பது முக்கியம்.

வெளியே மூடுபனி, கொடியே தெரியவில்லை. மறுநாள் விடிய மார்கழி பஜனைக்குப் போகும் பிள்ளைகளுக்காக 40 பணிஸ் தருவதாகச் சொல்லியிருந்தேன். மா பெட்டிக்குள் எழும்பிவிட்டது, இனிக் காத்திருக்காது. போர்வையை நான்காக மடித்து, திரும்பவும் மடித்து, பேசினுக்குள் வைத்தேன். பணிஸ் போட்ட பிறகு உள்ளே கொடி கட்டி விரிக்கலாம் என்று நினைத்தேன். தட்டு தட்டாக வேக ஒன்பது மணி தாண்டியது. நான் போர்வையை மறந்து படுத்துவிட்டேன். விடியற்காலை பணிஸ் கூடையோடு கோயிலுக்குப் போய், சங்கும் தாளமும் கேட்டு, திரும்பி வந்த பிறகுதான் பேசின் கண்ணில் பட்டது.

கறை சொன்ன சாட்சி

அழுது முடித்து, போர்வையை மேசையில் விரித்தேன். இங்கேதான் எனக்கு முதல் வெளிச்சம் கிடைத்தது. சிவப்புச் சதுரத்துக்கு அடுத்துள்ள வெள்ளைகளில் பல கறைபடவில்லை. சிவப்பிலிருந்து ஓரடி தள்ளியிருந்த ஒரு வெள்ளையில் கறை இருந்தது. இது ஏன்? போர்வையைப் பேசினுக்குள் இருந்தபடியே மறுபடி மடித்துப் பார்த்தேன். மடிப்பில் அந்த வெள்ளையின் மேல் நேராக வந்து உட்கார்ந்தது ஒரு சிவப்புச் சதுரம். மற்றவற்றையும் பார்த்தேன். எந்தெந்தச் சிவப்பு மடிப்பில் எந்தெந்த வெள்ளையை அழுத்தியதோ அங்கெல்லாம், கண்ணாடியில் தெரியும் பிம்பம் போல, சதுர வடிவிலேயே கறை. 17 கறைகளில் 14 இப்படி. மீதி மூன்றும் பேசினின் அடியில் நீர் தேங்கிய மூலை.

ஆகவே துவைத்தபோது சாயம் ஏறவில்லை. தண்ணீரில் மிதந்த சாயம் வெள்ளையைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. ஈரமாக மடித்து வைத்த பதின்மூன்றரை மணித்தியாலத்தில்தான் துணிக்குத் துணி ஏறியது. வெயில் ஊரில் இதே போர்வை இதே தண்ணீரில் துவைபட்டு, அரை மணியில் கொடியில் காய்ந்திருந்தால் இந்தக் கறை வந்திருக்காது என்றே நினைக்கிறேன். குளிரூரில் ஈரம் காத்திருக்கிறது. ஈரம் காத்திருக்கும் வரை சாயமும் நடந்துகொண்டே இருக்கிறது.

உப்பு

பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார். “டீச்சர், உப்பைக் கரைத்து ஊறவையுங்கள், சாயம் நின்றுவிடும். எங்கள் அம்மா அப்படித்தான் செய்வார்” என்றார். பால் வாங்க வந்த இன்னொருவர் வினாகிரி ஊற்றச் சொன்னார். வெளுக்கும் திரவத்தைப் போடும்படி ஒரு யோசனையும் வந்தது. அதை மட்டும் உடனே மறுத்தேன், அம்மாவின் நீலமும் மஞ்சளும் அதோடு போய்விடும்.

உப்பை நம்பினேன். அரைக் கிலோ கல்லுப்பு, 20 லீற்றர் குளிர்ந்த நீர், இரண்டு மணித்தியாலம். எடுத்துப் பார்த்தபோது முன்பு சுத்தமாக இருந்த ஆறு வெள்ளைச் சதுரங்களில் மெல்லிய சிவப்பு. 17 இப்போது 23.

உப்புத் தண்ணீரை வடிகானில் கவிழ்த்துக்கொண்டிருந்தபோது கை நின்றுவிட்டது. வகுப்பில் பத்திக் (மெழுகு வைத்துத் துணிக்குச் சாயமிடுவது) செய்யும்போது நானே கரும்பலகையில் எழுதிய வரிசை கண்முன் வந்தது: முதலில் சாயம், அடுத்து உப்பு, கடைசியில் சலவைச் சோடா. உப்பு எதற்கு என்று ஒரு பிள்ளை கேட்பாள். சாயம் தண்ணீரிலேயே நிற்காமல் துணிக்குள் போவதற்கு என்று பதில் சொல்வேன். ஈரமான பருத்தியின் மேற்பரப்பிலும் அந்தச் சாயத்திலும் ஒரே வகை மின்னேற்றம் இருப்பதால் ஒன்றையொன்று தள்ளும். உப்பு அந்தத் தள்ளுதலைக் குறைத்து, சாயத்தைத் துணியின் பக்கம் திருப்பிவிடும். சோடா போட்ட பிறகுதான் சாயம் நூலோடு வேதியியலாகப் பிணைகிறது. பிணைந்தது பிறகு எளிதில் போகாது. பிணையாமல் தண்ணீரோடு சேர்ந்து வீணான சாயம் நூலுக்குள் சும்மா ஒளிந்திருக்கும். தொழிற்சாலையில் அதைக் கொதிநீரிலும் சவர்க்கார நீரிலும் பலமுறை அலசி வெளியேற்ற வேண்டும். அந்த அலசலைச் சுருக்கினால், மிச்சம் நம் வீட்டுப் பேசினில் இறங்கும்.

ஆக, ஒளிந்திருந்த சிவப்பை அப்பாவின் வேட்டிக்குள் நானே உப்புப் போட்டுத் தள்ளியிருக்கிறேன். வினாகிரியும் இங்கே உதவாது. அமிலம் கம்பளிக்கும் பட்டுக்கும் போடும் சாயத்துக்குத் துணை, பருத்திச் சாயத்துக்கு அல்ல. அக்காவின் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அறிந்திருந்தும் மறந்தவள் நான்.

ஜாம் போத்தல்கள்

இனி ஊகத்தில் எதையும் செய்வதில்லை என்று முடிவெடுத்தேன். போர்வையை உலரவிடவில்லை, காய்ந்தால் கறை பிடிவாதமாகிவிடும். நிறையத் தண்ணீரில் விரித்தபடி மூழ்கவைத்து, தண்ணீரை மாற்றிக்கொண்டே இருந்தேன். மூன்று ஜாம் போத்தல்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் மிச்சச் சிவப்பில் ஒரு துண்டும் வேட்டியில் ஒரு துண்டும் போட்டேன். முதலாவதில் குழாய் நீர். இரண்டாவதில் உப்பு நீர். மூன்றாவதில் கைபொறுக்காத சுடுநீரும் தாராளமாகச் சலவைத் தூளும். மூன்றாவது போத்தலை மட்டும் மா வைக்கும் பெட்டிக்குள் கோணல் போர்வை சுற்றி வைத்தேன்.

காலையில் முதல் போத்தலின் நீர் வெளிர்சிவப்பு, வேட்டித் துண்டும் வெளிர்சிவப்பு. உப்புப் போத்தலின் நீர் முதலாவதைவிடத் தெளிவாக இருந்தது. அதைப் பார்த்துத்தான் “சாயம் நின்றுவிட்டது” என்று சொல்கிறார்கள் போலும். ஆனால் வேட்டித் துண்டை வெளியே எடுத்தால் மூன்றிலும் அதுதான் ஆழமான சிவப்பு. சாயம் நிற்கவில்லை, இடம் மாறியிருந்தது. மூன்றாவது போத்தலின் நீர் பீட்ரூட் சாறு போல இருந்தது, எனக்கு நெஞ்சு அடைத்தது. கரண்டியால் வேட்டித் துண்டைத் தூக்கி, நல்ல நீரில் ஒருமுறை அலசினேன். வெள்ளை. யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், வெள்ளையேதான்.

சூடு நூலுக்குள் ஒளிந்திருக்கும் சாயத்தை வெளியே வரவைக்கிறது. சலவைத் தூள் வெளியே வந்ததைத் தண்ணீரிலேயே பிடித்துவைத்து, மறுபடி துணியில் குந்தவிடாமல் தடுக்கிறது. தண்ணீர் அதிகமாக இருந்தால் சாயம் ஐதாகிறது. மூன்றும் சேர வேண்டும், நேரமும் வேண்டும்.

பீப்பாய்

போத்தலில் செய்ததை முழுப் போர்வைக்குச் செய்வது குளிரூரில் லேசான காரியம் அல்ல. வெளியே 8 பாகை இருக்கும் இரவில் பெரிய பாத்திரத்துத் தண்ணீரை 12 மணித்தியாலம் சூடாக வைத்திருக்க வேண்டும். மழைநீர் பிடிக்கும் நீலப் பீப்பாயைக் கழுவிக் குசினிக்குள் உருட்டிவந்தார் என் கணவர். கவாத்து வெட்டிய தேயிலை மிலார், அதாவது காய்ந்த குச்சிகள், ஒரு கட்டு இருந்தது. அது பிடித்தால் சடசடவென்று எரியும். இரண்டு அண்டாவில் 50 லீற்றர் கொதிக்க வைத்து ஊற்றி, 35 லீற்றர் குழாய் நீர் கலந்தோம். சீனிப் பாகுக்கு வைத்திருக்கும் வெப்பமானி 60 பாகை காட்டியது. தூளைக் கரைத்து, போர்வையை இறக்கி, மேலே மிதக்காதபடி பீங்கான் தட்டு ஒன்றைக் கவிழ்த்து வைத்தேன். எந்தச் சதுரமும் தண்ணீருக்கு மேலே நிற்கக் கூடாது, எந்த இடத்திலும் இறுக்கமான மடிப்பு இருக்கக் கூடாது.

பிறகு மாவுக்குச் செய்வதைப் பீப்பாய்க்குச் செய்தேன். வீட்டில் இருந்த இரண்டு கம்பளி, கோணல் போர்வை, ஒரு சாக்கு, எல்லாவற்றையும் சுற்றிக் கயிற்றால் கட்டினோம். அம்மா மழையில் தலையோடு கொங்காணி என்ற மழைப்போர்வையைப் போட்டுக்கொண்டு நிற்பது போலவே இருந்தது அந்தப் பீப்பாய். மறுநாள் காலை ஆறு மணிக்கு உள்ளே 41 பாகை.

ஜனவரி 10 இரவு முதல் ஊறல். காலையில் நீர் கருஞ்சிவப்பு. 11 இரவு இரண்டாவது, நீர் ரோஜா நிறம். 12 இரவு மூன்றாவது. விடிந்து ஒரு கண்ணாடிக் குவளையில் மொண்டு பார்த்தபோது, வெள்ளைத் தாளுக்கு முன்னால் பிடித்தால்தான் நிறம் தெரிந்தது. அந்த மூன்று நாளும் எங்களுக்கு ரொட்டியும் சம்பலும்தான், அடுப்பு ஓயவில்லை. மூன்றாவது நாள் அடுப்புத் தணலில் ஒரு பாண் மட்டும் வைத்தேன். அடி கருகிவிட்டது, கருகலைச் சுரண்டிச் சாப்பிட்டோம்.

13ஆம் திகதி மடிக்காமல், முறுக்காமல், பெரிய துவாய்களுக்கு நடுவில் விரித்து மிதித்து நீரை எடுத்தோம். வானம் வெளித்திருந்தது. வேலியோரத்தில் இரண்டு ஏணிகளைச் சாய்த்து, அவற்றின் மேல் தட்டையாக விரித்து, அரை மணிக்கொரு முறை திருப்பிப் போட்டேன். இரண்டு மணிக்கு மூடுபனி இறங்கியதும் உள்ளே எடுத்து அடுப்புக்கு மேலே கட்டினேன். 14ஆம் திகதி, போகியன்று, பஞ்சுவரை காய்ந்துவிட்டது.

மிஞ்சியது

23இல் 20 சதுரங்கள் முழுதாக வெளுத்தன. 3இல் மட்டும் தையலோரத்தில், நூல் அகலத்துக்கு இளஞ்சிவப்புக் கோடு நின்றது. தையல் சேரும் இடத்தில் துணி நான்கு மடிப்பாக இருக்கிறது. சிவப்பின் ஓரமும் அதற்குள் மடங்கியிருக்கிறது. சுடுநீர் அங்கே புகுந்து வெளியேறுவது கடினம். நான்காவது ஊறலும் போட்டிருக்கலாம். பொங்கல் வந்துவிட்டது, போர்வையின் தையலுக்கும் ஓய்வு வேண்டும் என்று விட்டேன். அம்மாவின் 66 சதுரங்களில் ஒன்றில்கூட மாற்றம் இல்லை. அவர் பீலித் தண்ணீர் விழும் கரையில் கல்லில் அடித்து அடித்து, போக வேண்டியதையெல்லாம் முன்பே போகவைத்துவிட்டார்.

நான்கு பிழைகளில் எது பெரியது என்று பலமுறை யோசித்தேன். நனைக்காமல் வெட்டியது, குளிர்நீரில் துவைத்தது, ஈரமாக மடித்தது, உப்புப் போட்டது. என் தீர்ப்பு மூன்றாவதின் மேல். முதலிரண்டு பிழைகளும் செய்த பிறகும் அன்று மாலை ஐந்து மணிக்கு வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. அப்போது நாற்காலிகளின் மேலாவது அதை விரித்திருந்தால் பெரும்பாலான கறைகள் வந்திருக்காது. பணிசுக்காக மடித்தேன் என்று பணிசைக் குறை சொல்லவும் மனமில்லை. அன்று விடியலில் பனிக்குள் தொண்டை கட்டிப் பாடிய பிள்ளைகள் அதைச் சூடாகக் கையில் வாங்கியதையும் நான் பார்த்தேன்.

15ஆம் திகதி ஹட்டனில் போர்வையை மகளின் மடியில் வைத்தேன். அவள் நீலக் கட்டத்தைத் தடவி “அம்மாயி சேலை” என்றாள். பிறகு அந்த மூன்றில் ஒரு கோட்டைக் கண்டுபிடித்து, நகத்தால் மெல்லச் சுரண்டிப் பார்த்து, என் முகத்தைப் பார்த்தாள். நான் கதையைச் சொன்னேன். நான்காவது ஊறல் வேண்டாம் என்றாள்.

இப்போது அடுத்த போர்வைக்குக் கருநீலத் துணி ஒன்று வாங்கியிருக்கிறேன். அதில் ஒரு துண்டும் வேட்டியில் ஒரு துண்டும் ஜாம் போத்தலுக்குள், மாவுப் பெட்டியில், பாண் மாவுக்குப் பக்கத்தில் இருக்கின்றன. காலையில் இரண்டையும் திறந்து பார்க்க வேண்டும்.